அத்தியாயம் 4: கிழமையோடு போகும் வேலை

ஸ்ரீமுஷ்ணத்து வீடுகளில் வாரத்துக்கென்று ஓர் ஒழுங்கு காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை மாலை குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் மாடத்திலிருந்து இறங்கும். புளி ஊறிக்கொண்டிருக்கும். நிலைப்படி கழுவி, மறுநாள் மஞ்சள் குங்குமத்துக்குத் தயாராகும். வெள்ளிக்கிழமைக் கோலம் மற்ற நாள் கோலத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் ஒட்டடை அடிக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு பெருக்கிக் குப்பையை வெளியே தள்ள மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் வீட்டைக் கழுவி முடிக்கிற வீடுகளும், ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமையே துணி தேய்த்து வைக்கிற வீடுகளும் இதே ஊரில், இதே சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன.

இந்தப் பழக்கங்களின் பின்னால் இருக்கும் நம்பிக்கையை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். வியாழன் மாலை விளக்கைத் தேய்க்க யாரும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருப்பதில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. கை தானாகப் புளிக் கிண்ணத்துக்குப் போகிறது. வீட்டுச் சுத்தத்தில் மிகக் கடினமான பகுதி, ‘இன்றைக்கு எதைச் செய்வது’ என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுப்பது. கிழமை அந்த முடிவை நமக்காக எடுத்துவிடுகிறது. ஆகவே கட்டம் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டச் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் எந்தக் கிழமைக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறதோ, அதன் பக்கத்தில் இன்னொரு வேலையைக் கோத்துவிடுங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் யோசனை.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

வாரம் ஒருமுறை என்ற கணக்குக்குப் பழக்கத்தைத் தவிர இன்னொரு வலுவான காரணம் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். குப்பையில் பெருகும் ஈக்கும் கிட்டத்தட்ட அதே காலம்தான். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரங்களையும் குப்பைக் கூடையையும் தேய்த்துக் கழுவினால் இரண்டின் சுற்றும் பாதியிலேயே அறுந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிற வீட்டில் கொசுவுக்குப் போதுமான அவகாசம் கிடைத்துவிடுகிறது. வாராந்திர வேலைகளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

‘தேய்த்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீரின் நடுவில் அல்ல. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டினாற்போல் இடும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாலும் முட்டை சுவரில் ஒட்டியபடியே காய்ந்து கிடக்கும், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த முறை தண்ணீர் நிரம்பியதும் பொரிக்கும். அதனால் டிரம்மையும் சிமென்ட் தொட்டியையும் வெறுமனே காலி செய்தால் போதாது. தென்னந்துடைப்பத்தாலோ நைலான் பிரஷ்ஷாலோ உள்சுவரை, முக்கியமாக விளிம்பை ஒட்டிய நாலு விரல் அகலத்தை, அழுத்தித் தேய்த்து அலசிக் கொட்ட வேண்டும். முடிந்தால் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த பிறகு நிரப்புங்கள்.

இதற்கு ஞாயிறு காலை தோதான நேரம். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு டார்ச்சைக் கொடுத்து வீட்டைச் சுற்றிவரச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் தேங்காய் ஓடு, பழைய டயர், உடைந்த ஜாடி, மொட்டை மாடியில் மடிந்து கிடக்கும் தார்ப்பாய், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம் என்று ஒன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். நெளிந்து நெளிந்து ஓடும் புழுவை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை அடுத்த ஞாயிறு தானே டார்ச்சைத் தேடி எடுக்கும். இந்தக் கொசு நல்ல தண்ணீரைத்தான் விரும்பும், பகலில்தான் கடிக்கும். சாக்கடை தூரமாக இருக்கிறது என்பது நமக்குப் பாதுகாப்பு ஆகாது.

குடிதண்ணீர்க் குடத்துக்கும் பானைக்கும் தனியாக ஒரு நார் வைத்துக்கொள்ளுங்கள். எச்சில் பாத்திரம் தேய்க்கும் நார் அதற்குள் போகக் கூடாது. மாடித் தொட்டியைப் பொறுத்தவரை மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காற்றுக் குழாயில் வலை கட்டியிருக்கிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அதை இறங்கிக் கழுவுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறைக்கான வேலை.

வியாழன் மாலையும் அடுப்படியும்

விளக்குக்காகப் புளி கரைக்கிற அதே மாலையில் அடுப்படியின் பெரிய வேலையையும் முடித்துவிடலாம். கை எப்படியும் ஈரமாகிவிட்டது. பர்னரைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள். அது ஊறுகிற நேரத்தில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸ், எண்ணெய்த் தூக்கு வைத்த இடம், மிக்ஸியின் அடிப்பாகம், சிலிண்டரின் அடியில் உள்ள தரை ஆகியவற்றைத் துடைத்துவிடலாம். ஒரு வாரத்து எண்ணெய்ப் பிசுக்கு சோப்புத் தண்ணீருக்கே இளகும். ஒரு மாதம் விட்டால் தூசி சேர்ந்து இறுகி, கத்தியால் சுரண்டுகிற நிலைக்கு வந்துவிடும். இந்த ஒரு இடத்தில் வாரவேலை உங்கள் உழைப்பை உண்மையிலேயே குறைக்கிறது. அஞ்சறைப்பெட்டியை மாதம் ஒருமுறை காலி செய்து, கழுவி, ஈரம் போகக் காயவைத்து நிரப்பினால் போதும். அரிசியில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் மாதக் கணக்குதான்.

ஃபிரிட்ஜை மட்டும் வியாழனோடு சேர்க்க வேண்டாம். நீங்கள் காய்கறி வாங்கும் நாளுக்கு முந்தைய இரவு அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அது ஏறக்குறையக் காலியாக இருக்கும். எது வாடிக் கிடக்கிறது, எதைத் திரும்ப வாங்க வேண்டாம் என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

தினசரி வேலை என்று மூன்றுதான் சொல்வேன்: பத்துப் பாத்திரம் இரவில் சிங்க்கில் தங்கக் கூடாது, அடுப்பு மேடையை ஈரத்துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும், சமையல் கழிவு வீட்டுக்குள் உறங்கக் கூடாது. வாசல் தெளிப்பதும் வீட்டைப் பெருக்குவதும் இங்கே சொல்லாமலே நடக்கின்றன.

மேலிருந்து கீழே

புதன்கிழமையை ஒட்டடைக்கும் ஃபேனுக்கும் கொடுக்கலாம். செவ்வாய், வெள்ளி ஆகாது என்கிறவர்களுக்கும் அது ஒத்துவரும். எல்லா அறையையும் ஒரே நாளில் அடிக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு அறை என்று வைத்தால் மாதத்தில் வீடு முழுதும் ஒரு சுற்று வந்துவிடும். முதலில் ஒட்டடை, பிறகு ஃபேன் இறக்கை, பிறகு அலமாரித் தட்டு, கடைசியில் தரை. இந்த வரிசை மாறினால் துடைத்த தரையையே மறுபடி துடைக்க வேண்டிவரும். ஃபேன் இறக்கைக்கு ஒரு பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், படுக்கையில் கொட்டாது.

இந்த வட்டாரத்தின் தூசிக்குப் பருவம் உண்டு. சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலை அரைக்கிற மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஓடும் சாலையோரம் வீடு இருந்தால் ஜன்னல் கம்பியை வாரம் இருமுறை துடைத்தாலும் தகும். கடலை காயவைக்கும் நாட்களில் மண்தூசு கூடத்துக்குள் வரும். முந்திரிக்கொட்டை மூட்டையை வீட்டில் அடுக்குகிறவர்கள் அதைத் துணிமணிக்கும் பாய்க்கும் எட்டாமல் வையுங்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் பால் தோலைப் புண்ணாக்கும், துணியில் கறையாக நிற்கும். அந்த மூட்டையைக் கையாண்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது.

குளியலறையும் பீங்கானும்

பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. பீங்கான் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அதை எப்படிக் கழுவுவது என்பதும் தெரிந்துவிடும். களிமண் கலவையை வார்த்து, காயவைத்து, மேலே மெருகுக் குழம்பு பூசிச் சூளையில் சுடுகிறார்கள். அந்த மெருகு உருகிக் கண்ணாடிப் படலமாக மேலே பரவிவிடுகிறது. அழுக்கு உள்ளே இறங்காமல் தடுப்பது அந்தப் படலம்தான். ஊறுகாய் ஜாடி வருடக்கணக்கில் உப்பையும் புளிப்பையும் தாங்குவதும், கக்கூஸ் கோப்பை கறை வாங்காமல் இருப்பதும் அதனால்தான்.

ஆகவே பீங்கானுக்குச் சோப்புத்தூளும் பிரஷ்ஷுமே போதும். வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் கறுப்புக் கோடுகள் விழும், மெருகில் கீறலும் விழலாம். கீறல் விழுந்த இடத்தில்தான் கறை பிடித்துக்கொள்ளும். பலரும் கடையில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றுகிறார்கள். அது கோப்பையின் மெருகைவிட டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டைத்தான் முதலில் அரிக்கும். இடுக்கு அரித்தால் தண்ணீர் அடியில் இறங்கும், டைல்ஸ் பெயரும். போர் தண்ணீர் உப்புப் படிந்து குழாயும் சுவரும் வெளுத்துப் போயிருந்தால் எலுமிச்சைத் தோலையோ புளிக் கரைசலையோ தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போகும். வாரா வாரம் செய்கிற வீட்டுக்கு ஆசிட் தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று போட்டு நன்றாகக் கழுவாத இடத்தில் மற்றதை ஊற்றுவதும் அதே ஆபத்துதான். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகும். இரண்டும் ஒரே அலமாரியில்கூட இருக்க வேண்டாம்.

ஜாடியில் விரிசல் விட்டாலோ விளிம்பு உடைந்தாலோ ஊறுகாய்க்கு அதை விட்டுவிடுங்கள். உள்ளிருக்கும் மண் திறந்துவிட்டது, எண்ணெயையும் வாசனையையும் உறிஞ்சும். தூக்கிப் போட மனமில்லை என்றால் துளசிச் செடி வைக்கலாம்.

துணியும் காகிதமும்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கிற வீட்டில் அன்றே தலையணை உறை, படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். எண்ணெய்த் துண்டைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் காயாது; அந்த மாதங்களில் ஒரே நாளில் மூட்டையாகத் துவைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரை ஈரத்தோடு மடித்து வைத்த துணியில் பூஞ்சை கரும்புள்ளியாகப் பிடிக்கும், பிறகு எளிதில் போகாது.

அடுக்கி வைப்பதற்குச் செவ்வாய்க்கிழமை. அரை மணி நேரம், ஒரே ஒரு தட்டு அல்லது ஒரே ஒரு இழுப்பறை. அதற்கு மேல் தொடாதீர்கள். பரண் முழுவதையும் இறக்கிப் பாதியில் களைத்துப்போய், மூன்று நாள் கூடத்தில் பரப்பிக் கிடப்பதைத்தான் இந்த வரம்பு தடுக்கிறது. எடுத்த ஒவ்வொரு பொருளையும் எங்கே பயன்படுத்துகிறோமோ அங்கே வையுங்கள். கத்திரிக்கோல் தையல் பெட்டியில், நகவெட்டி கண்ணாடி பக்கத்தில், குடை வாசற்படி அருகில். ஒரு வருடமாகத் தொடாத பொருள் காயலான் கடைக்கோ, தேவைப்படுகிறவர் கைக்கோ போகட்டும். போகிப் பண்டிகைக்காகச் சேர்த்து வைக்க வேண்டாம். அன்று பிளாஸ்டிக்கையும் டயரையும் கொளுத்தும் புகையைத்தான் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை எந்த இழுப்பறை என்று கேட்டால் காகித இழுப்பறை என்பேன். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஒழுங்கு சார்ந்த விஷயம் அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோதும், 2015 வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தின்போதும் இந்த மாவட்டத்தில் கூரை போன வீடுகளும் நீர் புகுந்த வீடுகளும் ஏராளம். அப்படிப்பட்ட நேரத்தில் நிவாரணம் கேட்கவும் நிலத்தைக் காட்டவும் காகிதம்தான் வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பத்திரம், வீட்டு வரி ரசீது, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், ஊசி போட்ட அட்டை ஆகியவற்றை ஒரே ஜிப் உறையில் போட்டு, அந்த உறையைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பகமான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பழைய மின்கட்டண ரசீதுகளும் கல்யாணப் பத்திரிகைகளும் இந்த உறைக்குள் வரக் கூடாது.

யார் செய்வது

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்ததாகச் சொன்ன பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். வீட்டுவேலை செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதிலும் வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். இந்த நிலையில் ஒரு புதிய வாராந்திர ஒழுங்கைக் கொண்டுவந்து, அதையும் அம்மாவின் தலையிலோ மருமகளின் தலையிலோ வைப்பது அநியாயம். அப்படி வைத்தால் அது நாலு வாரம்கூட நிற்காது.

துடைப்பம் எடுப்பது ஆணுக்கு இழுக்கு என்று நினைப்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர் திருநாவுக்கரசர். அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலைப் பெருக்கி, சாணம் இட்டு மெழுகித் தொண்டு செய்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் என்று நாம் அழைக்கும் அந்தத் தம்பி கையில் உழவாரத்தோடு ஊர் ஊராகக் கோயில் வளாகங்களில் புல் செதுக்கினார். இன்றும் அவர் சிலையை அந்தக் கருவியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கருவியை எடுத்துக்கொண்ட குடும்பம் அது.

கொல்லையையும் வாசலையும் வீட்டு ஆண்களுக்கு விட்டுவிடலாம். கொல்லை வேலை என்றதும் கோரைதான் நினைவுக்கு வரும். ஸ்ரீமுஷ்ணத்தில் அதற்கு ஒரு பெருமை உண்டு. இவ்வூர்க் கோயிலின் பூவராகப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கு நிவேதனம் ஆகிறது. ஆனால் கொல்லையில் அது முளைத்தால் விடாப்பிடியான களை. மேலே இருக்கும் புல்லைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கி, சில நாளில் திரும்ப முளைக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தால் தோண்டி, ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும் கிழங்குகளோடு எடுக்க வேண்டும். ஒரே நாளில் தீராது. வாரம் ஒரு பாத்தி என்று போனால் கட்டுக்குள் வரும். கொல்லை மூலையில் குழி இருந்தால் சமையல் கழிவையும் சருகையும் மண்ணோடு அடுக்கடுக்காகப் போட்டு எருவாக்கலாம். குழிக்கு இடமில்லாத வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். நாப்கின், பிளேடு, காலாவதியான மாத்திரை ஆகியவற்றைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுக் கொடுப்பது, அதைக் கையால் எடுக்கும் அந்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

வயதான தாத்தா பாட்டிக்கு உட்கார்ந்தபடி செய்யும் வேலை பிடிக்கும்: துணி மடிப்பது, பாட்டில் மூடிகளைச் சரிபார்ப்பது, விளக்குத் திரி திரிப்பது. ஏழு வயதுப் பிள்ளை தன் புத்தகப் பையையும் செருப்பு வரிசையையும் பார்த்துக்கொள்ளும். ஒருவருக்கு ஒரு வேலை என்று கொடுத்துவிட்டால் பின்னாலேயே நின்று திருத்தாதீர்கள். அவர் மடித்த துணி உங்கள் மடிப்பைப் போல இருக்காது. இருக்கட்டும்.

எப்படித் தொடங்குவது

எல்லாக் கிழமையையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் மாதம் ஞாயிறு தண்ணீரும் வியாழன் அடுப்படியும் மட்டும். அவை கைக்குப் பழகிய பிறகு சனிக்கிழமைத் துணி. பிறகு மற்றவை. மாசி மகத்துக்குப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படும் சமயத்திலும், பொங்கலுக்கு முன்பும், சரசுவதி பூசைக்கும் எப்படியும் பெரிய சுத்தம் நடக்கும்; ஆண்டில் ஓரிரு முறை மட்டும் வரும் வேலைகளான வெள்ளையடிப்பது, பரண் இறக்குவது, மாடித் தொட்டி கழுவுவது ஆகியவற்றை அந்த நாட்களோடு சேர்த்துவிட்டு வாரக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், அறுவடை வரும். ஒரு கிழமை தவறிப்போனால் அந்த வேலையை மறுநாளுக்குத் தள்ளி, மறுநாள் வேலையோடு சேர்த்துச் சுமக்காதீர்கள். புதன்கிழமை ஒட்டடை தவறினால் அடுத்த புதன் அடிக்கலாம், வீடு ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஞாயிறு தவறினால் திங்கள் காலையே டிரம்மைக் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்துவிடுங்கள்.